ஒரு பகலுக்குள் டெக்ஸாஸ்

கர்ட்டிஸ் நல்ல சேதி சொல்ல ஒருநாளும் ஃபோன் செய்ததில்லை. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் அவன் பெயர் திரையில் வந்ததும் நீவா புரூசார் முதலில் கல் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினாள், பிறகுதான் எடுத்தாள். விவாகரத்தான புருஷனிடம் பேசும்போது கையில் ஸ்டியரிங் இருக்கக் கூடாது என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

சீனியர் நைட் நாளைக்கே என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டிய எதிரணி வர முடியாதென்று கைவிரித்துவிட்டதாம். ஆகவே நாளைய பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டம்தான் இந்த வருஷம் உள்ளூரில் கடைசி. படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகளை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து மைதானத்தின் நடுவுக்கு அழைத்துப்போவதும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வதும், ஊரே எழுந்து நின்று கை தட்டுவதும் நாளைக்கு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால். பெல்மேரியில் பிள்ளையின் கல்யாணத்துக்கு வராத தாயைக்கூட மன்னித்துவிடுவார்கள். இந்த நடைக்கு வராதவளை மன்னிக்க மாட்டார்கள்.

நீவா அடுத்த வெள்ளிக்கு லீவு சொல்லி, விமான டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்றாள்.

"திங்கக்கிழமையே சொன்னாங்க. வேலை மும்முரத்துல மறந்துட்டேன். நீ ஒண்ணும் அலையாத. நடுவுல ஒரு மாநிலமே கெடக்கு. கென்ட்ரா கூட நடந்துக்குவா. பூவுக்குக்கூடச் சொல்லிட்டா."

மறந்துவிட்டானாம். புதுப் பெண்டாட்டியிடம் சொல்ல மறக்கவில்லை, பெற்றவளுக்குச் சொல்ல மட்டும் மறந்துவிட்டான். மனுஷனா அவன்? நீவாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் "பாத்தியா, இவ எப்பவுமே இப்படித்தான்" என்று பெண்ணிடம் போய்ச் சொல்வான். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பேண்டு ஒத்திகை முடிகிற நேரம் பார்த்து மகளைக் கூப்பிட்டாள். டெல்ஃபின் பள்ளிக்கூட பேண்டில் சூசபோன் வாசிக்கிறவள். ஆளையே மலைப்பாம்புபோலச் சுற்றிக்கொள்ளும் அந்தப் பித்தளைக் குழலை நான்கு வருஷமாகச் சுமந்து சுமந்து அவளுக்குத் தோள் காய்த்துப்போயிருந்தது. அப்பா திங்கட்கிழமையே உனக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாரே, நீதான் பதில் போடவில்லை என்றாரே என்றாள் பெண். நீவா அந்தப் பொய்யை அப்படியே தள்ளிவிட்டாள். நாளைக்கு வருகிறேன் என்றாள்.

மகளுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கும் நீவா இப்படித்தான் சொன்னாள். மாநிலப் பேண்டுப் போட்டிக்கும் சொன்னாள். இரண்டு தடவையும் லோடு வந்து குறுக்கே விழுந்தது.

"வரேன்னு சொல்லாதம்மா," என்றாள் டெல்ஃபின். "வந்து நில்லு."

அவ்வளவுதான் பேச்சு. பெல்மேரி இருப்பது லூசியானா எல்லையை ஒட்டி, சபைன் ஆற்றங்கரையில். நீவா கல் ஓட்டுகிற குவாரி இருப்பது சியரா பிளாங்காவில், கிட்டத்தட்ட மெக்ஸிகோவின் வாசற்படியில். இரண்டுக்கும் நடுவே மொத்த டெக்ஸாஸும் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது.

குவாரிச் சாப்பாட்டுக் கூடத்தில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வழி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். இந்த மாநிலத்தில் ஒருவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், எந்த ரோடு நல்ல ரோடு என்பதில் நம்பிக்கை இல்லாமல் இருக்க முடியாது. ஒருவன் ஆஸ்டின் வழியாகப் போ என்றான். ஆஸ்டினுக்குள் போனவன் வயதாகித்தான் வெளியே வருவான் என்றான் இன்னொருவன். ஒருவன் விமானம் என்று ஆரம்பித்தான். விமானத்துக்கு முதலில் மேற்கே எல் பாஸோவுக்குத் திரும்பிப் போக வேண்டும். நேரே போகிற காலை விமானத்தில் இடமில்லை. அடுத்தது ஹூஸ்டனில் இறக்கிவிடுவது சாயங்காலம், அதற்குமேல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஊர்ந்து பெல்மேரிக்குப் போய்ச் சேர்ந்தால் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.

"ரோடுதான்," என்றாள் நீவா. "பத்தாம் நம்பர் ரோடு."

போர்மேன் டாயில் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். வந்தவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரே நாளில் டெக்ஸாஸைக் குறுக்கே கடக்க நினைப்பதும் முதலையை மடியில் வைத்துத் தாலாட்டுவதும் ஒன்று என்றான். வெள்ளிக்கிழமை லோடுக்கு ஆள் வேண்டும் என்றான். திங்கட்கிழமை வந்தால் அவளுடைய லாரி அவளுக்காகக் காத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னான்.

நீவா தட்டிலிருந்த பீன்ஸை வழித்துத் தின்று முடித்தாள்.

"லாரி காத்திருக்க வேண்டாம் டாயில். எம் பொண்ணு காத்திருக்கிறா," என்றாள். "அந்த லாரிக்கு பிரேக்கும் சரியில்ல, பாத்து ஓட்டச் சொல்லு."

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. டாயில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் போன பிறகு, மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த சூய் அர்மென்டாரிஸ் தன் காப்பியை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். சூயும் லாரிக்காரன்தான், நீவாவுக்கு முன்னாலேயே இந்தக் குவாரிக்கு வந்தவன். அவளுடைய லோடையும் தானே அடிப்பதாகச் சொல்லிவிட்டு, மேசைமேல் உப்பு டப்பியை ஒரு பக்கமும் மிளகாய்ச் சாந்து பாட்டிலை மறுபக்கமும் வைத்தான். உப்பு சியரா பிளாங்கா, சாந்து பெல்மேரி.

"கோழி கூப்புடறதுக்கு முன்னாடி கிளம்பு. இந்தக் கௌண்டி எல்லையத் தாண்டினதுமே நேரக் கணக்கு மாறிக் கடிகாரத்துல ஒரு மணி நேரம் போயிடும், அத மொதல்லயே போச்சுன்னு எழுதிக்க," என்றான். "சான் அன்டோனியோ வரைக்கும் ரோடு உன் பேச்சக் கேக்கும். அதுக்கப்பறம் கேக்காது. ஹூஸ்டன்தான் உன்ன முழுங்கப் பாக்கும்."

ஹூஸ்டனைத் தொடாமலே போக ஒரு வழி இருக்கிறதென்றான். சீலியில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி வடக்கே நவசோட்டாவுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து நூற்றைந்தாம் நம்பர் ரோடு பைன் மரக் காட்டுக்குள்ளாகவே பெல்மேரிக்கு முந்தின ஊரான போமாண்டில் கொண்டுபோய் விடும். சுற்றுதான். இரண்டே தடம்தான். மரம் ஏற்றிய லாரிகள் நத்தையாக ஊரும். ஆனால் ஓடிக்கொண்டாவது இருக்கலாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்தாம் நம்பரை விட்டு இறங்குகிறவன் டெக்ஸாஸ்காரனே இல்லை என்று ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"முடியாதுங்கறீங்களா?" என்றாள் நீவா அவர்களைப் பார்த்து.

முடியும், ஆனால் முடியாது என்கிற மாதிரி ஒரு முனகல் வந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். முடியாது என்று யாராவது சொன்னால்தான் அவளுக்குப் பசியே எடுக்கும்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு வெகு முன்னாலேயே அவளுடைய பழைய பிக்கப் வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டில் முட்டையும் காரத் தொத்திறைச்சியும் சுருட்டிய டாக்கோக்கள், ஒரு பிளாஸ்க் காப்பி, ஹேங்கரில் மாட்டிய ஒரே நல்ல சட்டை. வான் ஹார்னுக்கு முன்னாலேயே ஒரு மணி நேரத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. போகட்டும் என்று விட்டாள். மேற்கு டெக்ஸாஸில் எண்பது மைல் வேகம் சட்டப்படியே செல்லும். எண்பதுக்கு மேலே கொஞ்சம் சட்டம் கண்ணை மூடிக்கொண்டால் செல்லும். ஃபோர்ட் ஸ்டாக்டனில் பெட்ரோல் போட்டாள். ஓசோனாவைக் கண்ணை இமைக்கும் நேரத்தில் தாண்டினாள். ஜங்ஷன் என்கிற ஊர் மலைகளில் செத்துக் கிடந்த மான்களை எண்ணாமல் விட்டாள்.

கெர்வில் பக்கம் கர்ட்டிஸ் ஃபோன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள். கிளம்பிவிட்டாளாமே, எதற்கு இந்த வீம்பு, வழியில் ஏதாவது ஆனால் பெண்ணுக்குத்தான் கஷ்டம், கென்ட்ரா ஏற்கெனவே சட்டை எல்லாம் எடுத்துவிட்டாள் என்று இழுத்தான்.

"அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு கேலரிப் படியில உக்காந்து கை தட்டச் சொல்லு," என்று சொல்லி வைத்தாள். அப்படிச் சொன்னதில் இன்னும் இருநூறு மைல் ஓட்டத் தெம்பு வந்துவிட்டது.

சான் அன்டோனியோவை வெளிச்சுற்றில் கடந்தாள். வெய்மரில் தொத்திறைச்சி வைத்த ரொட்டி ஒன்று வாங்கி ஒரு கையால் தின்றுகொண்டே ஓட்டினாள். சீலி வந்தபோது ரேடியோவில் கேட்டி பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து பத்தாம் நம்பர் ரோடு அடைந்து கிடப்பதாகச் சொன்னார்கள். நீவா வாய்விட்டுச் சிரித்தாள். சூய் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டு வடக்கே இறங்கினாள்.

நவசோட்டாவுக்கு அப்புறம் காடு. முன்னால் போன கிழட்டு வண்டிகள் அவளைக் கண்ணாடியில் பார்த்ததும் தாமாகவே ரோட்டோரத் தார் விளிம்பில் ஒதுங்கி வழிவிட்டன. அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி நன்றி சொல்லிக்கொண்டே போனாள். இந்த மரியாதை மட்டும் இல்லையென்றால் இந்த மாநிலத்தில் ஒருவரும் ஓரிடத்துக்கும் போய்ச் சேர முடியாது. கான்ரோவில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று அரை மணி நேரம் கரைந்தது. ஆனாலும் கணக்குத் தப்பவில்லை. கிளீவ்லண்டைத் தாண்டும்போது, சட்டை மாற்றி முகம் கழுவக்கூட நேரமிருக்கும் என்று தோன்றியது.

அப்போதுதான் எதிரே முகப்பு விளக்கு எரியவிட்டபடி ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்குப் பின்னால் நீளமான கறுப்பு வண்டி. அதற்குப் பின்னால் விளக்கு எரிகிற கார்கள், பிக்கப்கள், ஊர்த் தீயணைப்பு வண்டி. சவ ஊர்வலம்.

எதிர்த் தடம் அது. அவள் தடம் காலியாகக் கிடந்தது. நிற்காமல் போனால் ஒருவனும் பிடிக்க மாட்டான். ஆனால் சவ ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிற்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டத்துக்கும் மேலே. முன்னால் போன மர லாரி அதற்குள் புல்லில் இறங்கி நின்றுவிட்டது. டிரைவர் கீழே குதித்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

நீவாவின் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், போய்விடலாம் என்று நினைத்தாள். பிறகு வண்டியை இறக்கி நிறுத்தினாள். அவளுடைய அப்பனை எடுத்துப்போன அன்றைக்கு, மழையில், முகம் தெரியாதவர்கள் பத்து மைலுக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தி நிற்காமல் போக முடியாது. போனால் அவள் ஊர் போய்ச் சேர்ந்தும் பிரயோசனம் இல்லை.

"நீங்க யாரோ எவரோ," என்றாள் கறுப்பு வண்டியைப் பார்த்து. "நல்லாப் போய்ச் சேருங்க. ஆனா இன்னிக்குத்தானா போகணும்?"

செத்தவர் ஊருக்கே வேண்டியவர் போலிருக்கிறது. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடப் பஸ் ஒன்று, குதிரை டிரெய்லர் ஒன்று, மறுபடி கார்கள். நீவா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. சீருடை போட்ட பிறகு பேண்டு பிள்ளைகளிடம் ஃபோன் இருக்காது. கடைசி வண்டி போனதும், புல்லில் நின்றிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் ரோட்டில் ஏறி, மர லாரியின் பின்னால் மைல் கணக்கில் வரிசை கட்டியது. இப்போது ஒதுங்கி வழிவிட யாருக்கும் இடமில்லை.

போமாண்டைத் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பெயர்கள் வாசிக்க ஆரம்பித்திருப்பார்கள். பெல்மேரி எல்லையில் மைதானத்து விளக்குகள் மரங்களுக்கு மேலே தெரிந்தபோது ஆட்டமே தொடங்க வேண்டிய நேரம். புரூசார் என்ற பெயர் ஆங்கில எழுத்து வரிசையில் முதல் ஐந்துக்குள் வந்து எப்போதோ போயிருக்கும். கென்ட்ரா புதுச் சட்டையில் நடந்திருப்பாள். ஊர் தட்டியிருக்கும்.

திரும்பிப் போய்விடலாமா? அவள் இதைக்கூட நினைத்தாள், பொய் சொல்வானேன். பிறகு, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு, பிக்கப்பைச் சாக்கடைச் சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு ஓடினாள். வந்து நில்லு என்றுதானே சொன்னாள் பெண். நேரத்துக்கு நில்லு என்று சொல்லவில்லை.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். டெல்ஃபினுடைய அம்மா என்றாள் நீவா, மூச்சு வாங்க. அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கசங்கின டி-ஷர்ட், காரச் சாந்துக் கறை, கலைந்த தலை.

"நீங்கதானா அது?" என்றாள். "அடக் கடவுளே, ஓடுங்க. உங்களாலதான் ஆட்டமே நிக்குது."

கேலரிப் படிக்கட்டுகள் நிரம்பி வழிந்தன. ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. எதிரணி தன் பக்கத்தில் வரிசையாக நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் நடுக்கோட்டில், பச்சைப் புல்லில், ஒரே ஒரு பெண் பித்தளைக் குழலைச் சுற்றிக்கொண்டு தனியாக நின்றாள்.

நடந்தது இதுதான். பெயர் வாசித்ததும் டெல்ஃபின் அப்பாவின் கையையும் பிடிக்கவில்லை, கென்ட்ராவின் கையையும் பிடிக்கவில்லை. தானாகவே நடந்து போய் நடுவில் நின்றாள். மற்ற பிள்ளைகளெல்லாம் வந்து, படம் எடுத்து, போயாயிற்று. இவள் நகரவில்லை. அப்பா போய்க் கெஞ்சினார். பேண்டு வாத்தியார் போய்ச் சொன்னார். என் அம்மா வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்று ஒரே பதில். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அந்தக் குழலோடு யாரால் தூக்க முடியும்?

கோச் சிவந்த முகத்தோடு கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குறித்த நேரத்தில் மைதானத்தைக் காலி செய்து கொடுக்காவிட்டால் தண்டனை உள்ளூர் அணிக்கு. பதினைந்து கெஜம் பின்னால் போக வேண்டும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே. இந்த ஊரில் அடுத்தவன் வீட்டைக் கொளுத்தினால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அணிக்குப் பதினைந்து கெஜம் போக வைத்தவளை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோச்சைப் பார்த்தார், இடுப்பிலிருந்த, தண்டனைக்கான மஞ்சள் துணியை உருவிப் புல்லில் எறிந்தார். படிக்கட்டு முழுவதும் ஒரு முனகல் ஓடியது.

நீவா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பூங்கொத்தோடு நின்றிருந்த கென்ட்ரா ஒதுங்கிக்கொண்டாள். கர்ட்டிஸை அவள் திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். கோச் குறுக்கே வந்தார்.

"ஏம்மா, உங்க பொண்ணால எங்களுக்குப் பதினஞ்சு கெஜம் போச்சு, தெரியுமா?"

நீவா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவளை யாரும் இத்தனை சின்ன தூரத்துக்காகத் திட்டியிருக்கவில்லை.

"இன்னொரு பதினஞ்சும் எடுத்துக்கச் சொல்லுங்க," என்றாள். "நாங்க மெதுவாத்தான் நடப்போம்."

நடுக்கோட்டுக்குப் போனாள். பெண்ணின் தொப்பிக்கு அடியில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தாடை மட்டும் அப்படியே இறுகிக் கிடந்தது. அது நீவாவின் தாடை. டெல்ஃபின் குழலை வலது தோளில் சரித்துக்கொண்டு இடது கையை மடக்கி நீட்டினாள். நீவா அதில் தன் கையைக் கோர்த்துக்கொண்டாள்.

மேலே அறிவிப்பறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பிறகு ஒலிபெருக்கி சொன்னது: டெல்ஃபின் புரூசார், கூட வருவது அவளுடைய அம்மா நீவா, சியரா பிளாங்காவிலிருந்து.

சியரா பிளாங்காவிலிருந்தா என்று படிக்கட்டில் யாரோ கேட்டார்கள். இன்னிக்கேவா என்று இன்னொருவர் கேட்டார். டெக்ஸாஸ்காரர்களுக்குத் தங்கள் மாநிலத்தின் நீளம் தெரியும். பதினைந்து கெஜத்தைப் பறிகொடுத்த ஊர், முதலில் ஒரு மூலையிலும் பிறகு மொத்தமுமாக, கை தட்ட ஆரம்பித்தது. நடுவர் இரண்டாவது துணியை எறியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர்கள் மெதுவாகத்தான் நடந்தார்கள்.